மச்சு, காரை, மொட்டைத் தளம்: நம் கரிசல் வீடுகள் வெயிலைத் தாங்கிய வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு வாசியுங்கள்.

கனடாவில் வீடு வாங்கியிருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் வீட்டின் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே உள்ள இடத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு கொட்டிக் கிடக்கிறது. "வீட்டுச் சூடு மேலே ஏறி ஓடிவிடாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள் சார். நம்ம ஊரில் இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார்.

உண்டு. நாம் அதற்கு வைத்திருந்த பெயர் மச்சு. அவர்கள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கச் செய்ததை, நாம் சூட்டை வெளியே நிறுத்தி வைக்கச் செய்தோம். கம்பளி குளிரில் நம்மைச் சூடாக வைக்கும். அதே கம்பளியை ஐஸ் பெட்டிமேல் போர்த்தினால் ஐஸ் கரையாமல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே காரணம்தான். சூடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் வேறு.

கயத்தாறு என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது 1799 அக்டோபர் 16, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள். வகுப்பில் அதைப் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். இன்று சொல்லப் போவது பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு. நம் தலைக்கு மேலே இருந்த கூரையின் வரலாறு.

குளிரும் வெயிலும் தமிழனுக்குப் புதிதல்ல. நெடுநல்வாடை படித்தவர்களுக்குத் தெரியும். வாடை வீசும் நாளில் மாடத்துச் சாளரங்களை அடைத்துவிட்டு, தடவு என்னும் கனப்புச் சட்டியில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்த செய்தி அதில் வருகிறது. தென்றல் வருவதற்கென்றே அமைத்த வேனிற்பள்ளியும் அதில் உண்டு. கோடைக்கு ஓர் இடம், குளிருக்கு ஓர் இடம் என்று வசதி உள்ளவர்கள் வீட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். நம் கரிசல் காட்டில் குளிர் மார்கழியோடும் தையோடும் போய்விடும். மற்ற நாளெல்லாம் வெயிலோடுதான் மல்லுக்கட்டு. அதிலும் கூரைதான் முக்கியம். சுவரில் காலையிலோ மாலையிலோ ஒரு பக்கம்தான் வெயில் விழும். கூரையில் காலை முதல் மாலை வரை விழும்.

முதலில் கூரை வீடு. மண்சுவர் எழுப்பி, பனஞ்சட்டத்தைக் கைமரமாக வைத்து, வரிச்சு கட்டி, பனையோலை வேய்வார்கள். ஓலை கிடைக்காத இடத்தில் கம்மந்தட்டை, சோளத்தட்டை. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். அதனால் சுவருக்குச் செவல் மண் தேடிப் போனவர்கள் உண்டு.

ஓலை வீட்டுக்குள் சித்திரை மத்தியானம் நுழைந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி மறக்காது. குளிர்ச்சிக்குக் காரணம் ஓலையைவிட, ஓலைகளுக்கு இடையே அகப்பட்டுக் கிடக்கும் காற்றுதான். அசையாமல் நிற்கும் காற்றைப் போலச் சூட்டைத் தடுக்கிற பொருள் அதிகம் கிடையாது. கனடாவின் கண்ணாடிப் பஞ்சிலும் வேலை செய்வது கண்ணாடி அல்ல, அதற்குள் சிக்கிய காற்று. அந்த வகையில் பனையோலையும் கண்ணாடிப் பஞ்சும் அண்ணன் தம்பி.

ஆனால் ஓலை வீட்டைப் பற்றிப் பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூரை பிரித்து வேய வேண்டும். மழையில் ஒழுகும். தேளும் பாம்பும் குடியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தீ. காற்றுக் காலத்தில் ஒரு வீட்டில் பிடித்தால் தெருவே போகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன்பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று ஆனது. ஆசிரியராக இருந்தவன் யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டான். "பழையபடி ஓலைக்கே போய்விடலாம்" என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது ஓட்டு வீடு. முதலில் குயவர் கையால் செய்த நாட்டு ஓடு. அதை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்குக் கவிழ்த்து வேய்வார்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இதை இன்றும் பார்க்கலாம். அடுக்குக்கு அடுக்கு இடைவெளியில் காற்று நிற்கும். பிறகு வந்தது சீமை ஓடு. இதன் கதை நீளம். பிரான்சின் அல்சேஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்த மாதிரி ஓட்டை பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்ய ஆரம்பித்தார். நேத்ராவதி ஆற்றுக் களிமண் அதற்குத் தோதாக இருந்தது. பிறகு கோழிக்கோடு, பேரூக் என்று பரவியது. 1876இல் மதுரையிலிருந்து கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் தூரத்துச் சரக்குகள் நம் பக்கம் வருவது சுலபமாகிவிட்டது. இப்படித்தான் அல்சேஸ் ஓடு நம் முற்றத்துக்கு வந்து 'சீமை ஓடு' என்று பெயர் வாங்கியது.

சீமை ஓடு ஒற்றை அடுக்கு. லேசு. மழைக்கு நல்லது. ஆனால் வெயிலில் ஓடு காய்ந்தால் அதன் அனல் நேரே தலையில் இறங்கும். அதற்குத்தான் மச்சு.

எங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய மச்சு வீட்டை இடித்தார்கள். இடிக்கிற ஆட்களிடம் சொல்லிவிட்டு, கையில் அளவு நாடாவோடு போய் நின்றேன். மேலே சீமை ஓடு. அதற்குக் கீழே ஆள் குனிந்து நடக்கிற அளவு வெற்றிடம். அதற்கடுத்து மச்சு. வைரம் பாய்ந்த பனை உத்திரங்கள், அவற்றின்மேல் பலகை, பலகைமேல் ஓலைப்பாய், பாய்மேல் நான்கு விரற்கடைக்கும் அதிகமாக மிதித்துக் கெட்டித்த மண், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. ஓட்டு வரிசைகளின் இடுக்கும், இரு பக்கத்து முக்கோணச் சுவரில் விட்ட சின்னச் சின்னப் பொந்துகளும் காற்றுப் போக வழி.

இதில் உள்ள புத்தியைப் பாருங்கள். வெயிலை வாங்கிக்கொள்வது ஓடு. ஓடு சூடாகி உள்ளே அனல் காற்று சேர்ந்தால், அது மேலே ஏறி இடுக்கு வழியாக வெளியே போய்விடும். ஓடு கீழ்நோக்கி வீசும் அனலை மச்சு மண் வாங்கிக்கொள்ளும். அது மண் என்பதால் சூடாக நெடுநேரம் ஆகும். அது சூடாவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பட்டாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கிற ஆச்சிக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. மச்சில் கருப்பட்டிச் சிப்பமும் கம்பு மூட்டையும் பருத்தி மூட்டையும் அடுக்கியிருப்பார்கள். பருத்தி இருந்த மாசங்களில் அந்த வீட்டுக்கு மேலே கனடாக்காரர்கள் மாதிரிப் பஞ்சே கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சு வீடு யாருக்கு வாய்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிலமும் பணமும் உள்ளவர்களுக்கு. தெற்கே திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் ஒடுக்கப்பட்ட சாதியார் மாடி வைத்து வீடு கட்டக் கூடாது என்றே கட்டுப்பாடு இருந்தது. சட்டம் போடாத ஊர்களிலும் ஏழைக்கு ஓலைக்கு மேல் கைக்கெட்டவில்லை. குளிர்ந்த நிழல்கூடச் சொத்தைப் போல ஆளுக்கு ஏற்றபடி பங்கிடப்பட்டிருந்தது. இன்றைக்கும் அது முழுதாக மாறவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது காரை வீடு. மட்டமான தளம் போட்ட வீடு. சென்னைப் பக்கம் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மர உத்திரங்களுக்கு மேலே சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டுவார்கள். பிறகு ஆண்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கட்டை எகிறித் தெறிக்கிற அளவுக்கு இறுகிய பிறகு, மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். மொத்தம் முக்கால் அடிக்குக் குறையாது.

சுண்ணாம்புக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. கரிசலைத் தோண்டினால் சுக்கான்கல் கிடைக்கும். காளவாசலில் சுட்டால் சுண்ணாம்பு. கடற்கரைப் பக்கம் சிப்பியைச் சுட்டார்கள்.

காரைத் தளம் சூட்டைத் தடுக்கும் விதம் ஓலையைப் போன்றதல்ல. ஓலை சூட்டை உள்ளே விடாது. காரை சூட்டை வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கொடுக்கும். மத்தியானம் மேலே அடித்த சூடு கீழே எட்ட ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதாவது அறைக்கு வந்து சேரும்போது ராத்திரி. வருகிறபோதும் வீரியம் குறைந்து வரும். அந்த நேரத்தில் நம் ஆட்கள் கீழே இருக்க மாட்டார்கள். சாயங்காலம் தளத்தில் நாலு குடம் தண்ணீர் தெளித்து, ஆறவிட்டு, பாயைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவார்கள். நம் பக்கம் வானம் பெரும்பாலும் மேகமில்லாமல் வறண்டிருக்கும். ராத்திரி தளம் தன் சூட்டை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வீடும் பழக்கமும் சேர்ந்துதான் ஒரு முறை. பழக்கத்தை விட்டுவிட்டு வீட்டை மட்டும் புகழ்ந்தால் பாதி உண்மைதான்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1946இல் தொடங்கப்பட்டு, 1949இல் தாழையூத்தில் அதன் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. நாம் நெல்லைக்குப் பஸ்ஸில் போகும்போது கங்கைகொண்டானுக்கு அப்புறம் வருமே, அதே தாழையூத்துதான். காளவாசல் சுண்ணாம்பு காலாவதியாகி மூட்டைச் சிமெண்டு வந்தது. கம்பி கட்டி, நாலு அங்குலம் காங்கிரீட் போட்டால் தளம் தயார். நாள் கணக்கில் கட்டை தட்ட வேண்டாம். தேக்கும் பனையும் தேட வேண்டாம். ஒரே நாளில் கான்கிரீட் போட்டு, பாயசம் வைத்து, வேலையாட்களுக்குச் சாப்பாடு போட்டு முடித்துவிடலாம்.

ஏழைக்கும் தளம் வந்தது இதனால்தான். 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்திலிருந்து நாம் தொகுப்பு வீடு என்று சொல்லிப் பழகிய வீடுகள் ஊர் ஊராக எழும்பின. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடாக்குவது என்று அறிவிக்கப்பட்டது. 2011இல் 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்கோடு பசுமை வீடு. 2024இல் கலைஞர் கனவு இல்லம், 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 2030க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. ஒழுகாத கூரையும் தீப்பிடிக்காத கூரையும் ஏழைக்கு என்ன என்பதை, மழை நாளில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தவன் நான். அந்தத் தளங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒன்று விட்டுப்போனது. பொறியாளர்கள் காங்கிரீட் தளத்தோடு நிறுத்தச் சொல்லவில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதிக்க வேண்டும் என்பதே பழைய முறை. காரை வீட்டின் மேல்பாதியை அப்படியே காங்கிரீட்டின்மேல் ஏற்றியது அது. வீட்டுச் செலவு கூடக்கூட, முதலில் வெட்டு விழுந்தது அதற்குத்தான். "அப்புறம் போட்டுக்கலாம்" என்பார்கள். அப்புறம் கல்யாணம் வரும், காலேஜ் பீஸ் வரும். தளம் மொட்டையாகவே நிற்கும். மொட்டை மாடி என்ற சொல்லே இப்போது அதற்குத்தான் பொருத்தம்.

கணக்கு வாத்தியார் அல்ல நான். ஆனாலும் இந்தச் சின்னக் கணக்கைப் பாருங்கள். நாலு அங்குலக் காங்கிரீட் எவ்வளவு சூட்டைத் தடுக்கிறதோ, அவ்வளவு சூட்டைச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் தெர்மாகோல் தடுத்துவிடும். நாலு அங்குலம் எங்கே, இரண்டு மில்லிமீட்டர் எங்கே! காங்கிரீட் பாரத்தைத் தாங்கப் பிறந்தது, வெயிலைத் தாங்க அல்ல.

கனடா, அமெரிக்கா பிள்ளைகளுக்குத் தெரிந்த 'ஆர்' அளவில் சொல்கிறேன். எண் கூடக்கூடச் சூட்டுக்குத் தடை கூடும். உங்கள் ஊர்க் கூரைக்கு ஆர்-60 வரை கேட்கிறார்கள். அரை அடிக் கனத்தில் நெருக்கி வேய்ந்த காய்ந்த கூரை பத்தைத் தாண்டும். இங்கே மொட்டைக் காங்கிரீட் தளம் ஒன்றரை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்டால் இரண்டைக் கொஞ்சம் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகரமும் ஒன்றை ஒட்டித்தான். அதிலும் ஷீட்டின் பங்கு மிகக் குறைவு. மேலும் கீழும் ஒட்டி நிற்கும் காற்றுதான் அந்த ஒன்றையும் தருகிறது. 2018இல் மத்திய அரசு குடியிருப்புகளுக்கென்று வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு கேட்பது ஏறக்குறைய ஆர்-5. நம் தெருவில் அதைத் தொடும் வீடு எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

காங்கிரீட்டின் இன்னொரு குணமும் உண்டு. முக்கால் அடிக் காரை ஏழெட்டு மணி நேரம் தாமதித்துக் கொடுத்த சூட்டை, நாலு அங்குலக் காங்கிரீட் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொடுத்துவிடும். மத்தியானம் ஒரு மணிச் சூடு நாலு மணிக்குத் தலைக்குமேல் வந்து நிற்கும். அதற்குப் பிறகும் சேர்த்து வைத்ததை ராத்திரி பத்து பதினொன்று வரை இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிச் சுற்றிக் கீழே தள்ளும். மேலே போய்ப் படுப்பதும் குறைந்துவிட்டது. கொசு, பயம், வெட்கம், டிவி என்று காரணம் பல.

இதெல்லாம் வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு என்று நினைக்காதீர்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,300க்கும் அதிகமானவர்கள் இறந்ததாகப் பிறகு கணக்கெடுத்தார்கள். அதன் விளைவாக 2013இல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டம் போட்டது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். ஏழைகள் வீட்டுக் கூரையில் வெள்ளை பூசுவதும் பிறகு அதோடு சேர்ந்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நம் தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலும் சேர்ந்துவிட்டது.

வெயிலில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அது சரி. ஆனால் உடம்பு பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி தூக்கத்தில் இறக்கி வைத்தால்தான் மறுநாள் எழுந்திருக்க முடியும். பகலெல்லாம் காட்டிலோ தீப்பெட்டிக் கம்பெனியிலோ நின்றுவிட்டு, ராத்திரி கொதிக்கிற தளத்துக்குக் கீழே படுக்கிற உடம்புக்கு இறக்கி வைக்க இடமே இல்லை. வயசாளிகளுக்கு வியர்வையும் சரியாக வராது, தாகமும் தெரியாது. நம் வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய். ஊரில் இருப்பது எழுபதைத் தாண்டிய அம்மாவும் அப்பாவும். அவர்கள் தலைக்குமேல் இருக்கிற எண் ஒன்றரை. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"ஏசி வாங்கிக் கொடுத்துட்டேன் சார்" என்று சிலர் சொல்வீர்கள். நல்லது. ஆனால் கூரையைச் சரி செய்யாமல் ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போலத்தான். கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா அதைப் போடுவதே இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நம்மைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலை ஆராய்ச்சி நிலையமே கயத்தாறில் இருக்கிறது. ஆனால் அந்த இறக்கைகள் வேகமெடுப்பது ஆனி, ஆடிக் காற்றில். நம்மை வாட்டுகிற சித்திரை வெயில் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

ஒன்று, வெள்ளை. அழுக்கேறிய காங்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோதான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பிவிடும். மாசி பங்குனியில் தளத்தைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள். வசதி இருந்தால் கடையில் விற்கிற குளிர்கூரைப் பெயின்ட். அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையும் என்பது பிற ஊர்களின் அனுபவம். நம் ஊர்ப் புழுதியில் வெள்ளை மங்கிவிடும். வருஷா வருஷம் அடிக்க வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு அடித்த பழக்கம்தானே, தளத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இரண்டு, நிழல். தளத்தின்மேல் நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் ஓட்டுக்குக் கீழே மச்சு இருந்த கதை திரும்பிவிடும். அடுப்பும் மின்வயரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காரணம் மேலே சொல்லிவிட்டேன். பச்சை வலை கட்டினாலும் போதும்.

மூன்று, ஷீட் வீடு. ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு உள்கூரை கட்டுங்கள். இரு பக்கமும் காற்றுப் போக வழி விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைப்பதோ அறுப்பதோ உடைப்பதோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். அதில் கைவைக்காமல் தனியாகச் சட்டம் நிறுத்திக் கட்டுங்கள். உள்கூரைக்குத் தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் விஷப்புகை.

நான்கு, தளத்தின் மேல்பக்கம் காப்பு. மொட்டைத் தளத்தில் நீர்க்கசிவுக்கு மருந்து பூசி, ஒன்றிரண்டு அங்குலம் கெட்டி நுரைப்பலகை பதித்து, அதன்மேல் சாந்து போட்டு, வெள்ளைத் தட்டோடோ கூலிங் டைல்ஸோ ஒட்டினால் அந்த ஆர்-5ஐத் தாண்டிவிடலாம். சூட்டை உள்ளே வரவிட்டுப் பிறகு தடுப்பதைவிட, தளத்துக்கு வெளியிலேயே நிறுத்துவது மேல். தளமே சூடாகாது அல்லவா? புது வீடு கட்டுகிறவர்கள் இதைக் கடைசியில் வெட்டுகிற செலவாக வைக்காமல், கம்பி, சிமெண்டோடு சேர்த்தே எழுதி வையுங்கள். லாரி பேக்கர் கேரளத்தில் செய்த மாதிரி, காங்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய சீமை ஓட்டைப் பதித்துத் தளம் போடும் முறையும் உண்டு. சிமெண்டும் மிச்சம், ஓட்டுக்கு இடையே காற்றும் நிற்கும். பழைய தளத்தின்மேல் மண்ணோ பானையோ பாரமாக ஏற்றுவதற்கு முன் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து, மச்சு வீடு இன்னும் வைத்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு. விற்பதும் இடிப்பதும் உங்கள் விருப்பம். பங்குப் பிரச்சினை எனக்கும் தெரியும். இடிப்பதற்கு முன் ஒரு கோடை நாள் மத்தியானம் அந்தப் பட்டாசலில் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். பிறகு, கட்டப்போகிற வீட்டின் வரைபடத்தை எடுத்து, இந்தக் குளிர்ச்சிக்கு அதில் எங்கே இடம் வைத்திருக்கிறோம் என்று தேடுங்கள். மச்சை அப்படியே திரும்பக் கட்ட முடியாது. பனையும் இல்லை, அந்த ஆட்களும் இல்லை. மச்சு செய்த வேலையைச் செய்கிற ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

வாத்தியார் பதிவு வீட்டுப்பாடம் இல்லாமல் முடியாது. ஊரில் இருக்கிறவர்கள் இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, படுக்கை அறைத் தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் நாற்காலியில் ஏற வேண்டாம், பேரப்பிள்ளைகளை ஏற்றுங்கள். பிறகு சுவரில் கை வையுங்கள். எது சூடு, எவ்வளவு சூடு, தளத்துக்கு மேலே என்ன போட்டிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா" என்று கேட்டதும், "ராத்திரி தளம் எப்படி இருக்கு" என்றும் கேளுங்கள். வருகிற பங்குனிக்குள் எத்தனை தளம் வெள்ளையாகிறது என்று நான் கணக்கு வைக்கப் போகிறேன். சுண்ணாம்பு அடிக்க நல்ல ஆட்கள் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள், இரண்டு பேர் தெரியும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
கயத்தாறு.